ஏழாம் நம்பர் மலையில் ஊதிய சங்கு

வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பனி இன்னும் கலையவில்லை. மணிக்கட்டித் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் வேலை செய்யும் பெண்கள், படங்குத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மூக்கன் கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டான் என்பதைவிட ஏசினான் என்பதுதான் சரி. பிந்தி வந்தவளை ஏசினான். முந்தி வந்து கதைத்துக்கொண்டிருந்தவளையும் ஏசினான்.

"என்னா கங்காணியாரே, வீட்டுல ராசம்மா தேத்தண்ணி ஊத்தலையா? வந்ததுலருந்து நீங்களே கொதிக்கிறீங்க" என்றாள் நாகலெட்சுமி.

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தக் கணக்கிலேயே வாய்க்காரி என்று பெயர் வாங்கியவள் நாகலெட்சுமிதான். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்ய, இரண்டு பெண் பிள்ளைகளோடு லயத்தில் தனியாகக் குடும்பம் நடத்துகிறவள். தராசில் கொஞ்சம் குறைத்தாலும் "ஏன்?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகவே மூக்கனுக்கு அவளைப் பிடிக்காது. இன்றைக்கு அவனுடைய மனைவி ராசம்மாவும் வரிசையில் நின்றுகொண்டு சிரித்தாள். அதனால் அவனுக்கு இன்னும் எரிந்தது.

"வாயை மூடிக்கிட்டு நடங்க எல்லாரும்! ஆறாம் நம்பர் மலை!"

பெண்கள் நடந்தார்கள். அதுவரை ஓரமாக மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த கண்டாக்கு ஐயா கையைக் காட்டி மூக்கனை அழைத்தார். கங்காணிக்கு மேல் கண்டாக்கு, கண்டாக்குக்கு மேல் துரை. தோட்டத்தில் ஏச்சு எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கும்.

"மூக்கன், இன்னைக்கு ட்ரோன் வருது. ஏழாம் நம்பர்ல மருந்தடிக்கணும். கொழுந்தெல்லாம் கொப்புளம் கண்டு கெடக்கு."

"இன்னைக்கேவா ஐயா? முந்தின நாளே ஆளுங்களுக்குச் சொல்லணும்னு அந்தக் கம்பனிக்காரங்க சொன்னாங்களே?"

சொன்னது உண்மைதான். போன மாதம் துரை பங்களாவில் கூட்டம் வைத்து எல்லாவற்றையும் விளக்கினார்கள். மூக்கனும் கதவோரம் நின்று கேட்டான். மருந்தடிக்கிற மலையிலும் அதை ஒட்டிய வழியிலும் ஆள் இருக்கக் கூடாது. மூட்டமோ காற்றோ இருந்தால் ட்ரோனை ஏற்றக் கூடாது. இயக்குகிறவனோடு சுற்றிலும் பார்த்துச் சொல்ல இன்னொருவன் நிற்க வேண்டும். நல்ல விதிகள்தான். ஆங்கிலத்தில் சொன்னார்கள், சிங்களத்திலும் சொன்னார்கள். அந்த மலைகளில் தினமும் கால் வைக்கிற பெண்களில் ஒருத்தியைக்கூட அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. வந்தவர்கள் கேக் தின்றார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போய்விட்டார்கள்.

"சொன்னா என்னா நடக்கும் தெரியுமா?" என்றார் கண்டாக்கு. "மருந்து காயுற வரைக்கும் பக்கத்து மலையிலயும் கால் வைக்கமாட்டோம்பாளுங்க. உக்காந்துகிட்டே முழுப் பேர் கேப்பாளுங்க. அந்த நாகலெட்சுமி முன்னால வந்து நிப்பா. ஏழாம் நம்பர்ல இன்னைக்கு யாருக்கும் வேலை இல்லையே? அப்புறம் என்னா? பேசாம இரு."

நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் பேர் என்பார்கள். சொன்ன அளவு கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப் பேர்தான் விழும். கண்டாக்குக்குக் கவலை அந்தப் பேரைப் பற்றித்தான்.

மூக்கனுக்கு நாக்கின் நுனிவரை ஒரு விஷயம் வந்தது. ஆறாம் நம்பர் மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதை ஏழாம் நம்பருக்கு நடுவால்தான் போகிறது. பெண்கள் கொழுந்து நிறுக்க வருவது அந்த வழியில்தான். அதை அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் கண்டாக்கு முறைப்பார். நாளைக்கே வேறொருவனைக் கங்காணி ஆக்கினாலும் ஆக்குவார்.

"சரிங்க ஐயா" என்றான்.

இந்த "சரிங்க ஐயா"வால் நம் மலைகளில் கெட்டுப்போன காரியங்கள் கொஞ்சமல்ல.

ட்ரோனோடு வந்தவன் ரிஸ்கான், கினிகத்தேனைப் பக்கத்து இளைஞன். கொழுந்து மடுவத்துக்கு முன்னாலிருந்த வெளியில் வேனை நிறுத்தி, மருந்தைக் கலந்து ஊற்றி, ஆறு கைகளையும் விரித்து அந்த இயந்திரத்தைத் தரையில் வைத்தான். பிறகு மலை முகட்டைப் பார்த்து முகம் சுளித்தான். அங்கே மூட்டம் அடைத்துக்கொண்டு கிடந்தது.

"கூட வர்ற ஆளு எங்க தம்பி?" என்று கேட்டான் மூக்கன்.

"அவருக்குச் சுகமில்ல அண்ணே. வேற ஆளை அனுப்புங்கன்னேன். ஒருத்தனே சமாளின்னுட்டாங்க." ரிஸ்கான் கண்டாக்கின் பக்கம் திரும்பினான். "சேர், மூட்டமா இருக்கு. கொஞ்சம் வெளிக்கட்டும். அந்த மேட்டுக்கு அப்பால எனக்கு ஒண்ணும் தெரியல."

"வெளிக்கிறதுக்குள்ள மழை பிடிச்சுக்கும். மருந்தெல்லாம் கழுவிக்கிட்டுப் போகும். காசு உங்கப்பன் குடுப்பாரா? இப்ப ஏத்துறியா, இல்ல உன் கம்பனிக்குப் போன் போடவா?"

ரிஸ்கான் உதட்டைக் கடித்தான். அந்த இடத்திலேயே முடியாது என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். விதி அவன் பக்கம் இருந்தது. ஆனால் வேலை கண்டாக்கின் கையில் இருந்தது.

"ஆளுங்களுக்கெல்லாம் சொல்லியாச்சா அண்ணே?" என்று மூக்கனைக் கேட்டான்.

மூக்கன் கண்டாக்கின் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லியாச்சு" என்றான்.

"அப்ப சங்கை ஊதிட்டு ஏத்துறேன். யாராவது இருந்தாலும் சத்தம் கேட்டு விலகிருவாங்கதானே?"

வேனின் கூரையில் சங்கு ஒன்று பூட்டியிருந்தார்கள். பறப்பதற்கு முன்னால் அதை ஊத வேண்டும் என்பதும் விதிதான். எந்த ஊருக்காகவோ எழுதிய விதி. மணிக்கட்டித் தோட்டத்தில் சங்கு கேட்டால் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு: தராசு வந்துவிட்டது, கொழுந்து நிறுக்க வாருங்கள். மழை மூட்டமான நாட்களில் தராசு நேரத்துக்கு முந்தி வெள்ளனவே வரும். கடைசியாகப் போகிறவளுக்கு ஈரம் என்று சொல்லி எடையில் கூடுதலாகக் கழிப்பார்கள். அதனால் சங்கு கேட்டால் எந்தப் பெண்ணும் விலக மாட்டாள். ஓடி வருவாள். குறுக்குப் பாதையில் ஓடி வருவாள்.

மூக்கனுக்கு இது தெரியும். கண்டாக்குக்கும் தெரியும். ரிஸ்கானுக்குத் தெரியாது.

"தம்பி..." என்று மூக்கன் வாயெடுத்தான். சங்கு அதற்குள் அலறத் தொடங்கிவிட்டது. இன்னும் நேரம் ஆகவில்லையே, வர மாட்டார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, திறந்த வாயை மூடினான். ட்ரோன் இரைச்சலோடு கிளம்பி, மேட்டைத் தாண்டி, மூட்டத்துக்குள் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது. அதைத் தொடர்ந்து பல அலறல்கள்.

ரிஸ்கான் கையிலிருந்த கருவியைத் தட்டி மருந்தை நிறுத்தினான். ட்ரோனைத் திருப்பி இறக்கினான். இறக்கை நிற்குமுன்பே வேனிலிருந்து ஒரு பெரிய தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினான். மூக்கன் அவனுக்குப் பின்னால் ஓடினான். கால் வழுக்கியது. தேயிலை வாதுகள் கையைக் கிழித்தன.

குறுக்குப் பாதையின் நடுவில் நாகலெட்சுமி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கூடை கவிழ்ந்து கொழுந்து சிதறிக் கிடந்தது. முகமெல்லாம் மருந்தின் நீலம் பூத்திருந்தது. சங்கு கேட்டதும் எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தவள் அவள்தான். தலைக்கு மேல் ஏதோ இரைகிறதே என்று நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். நிமிர்ந்த கண்களில் மருந்து இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் கையில் அகப்பட்டதைக் கொண்டு கழுவப் பார்த்தார்கள். மலையில் அவர்கள் கையில் அகப்பட்டது போத்தலில் இருந்த சாயத்தேத்தண்ணிதான்.

"அதை ஊத்தாதீங்க! தள்ளுங்க, தள்ளுங்க!" என்று ரிஸ்கான் கத்தினான். கேனைத் திறந்து அவள் முகத்தைச் சாய்த்துப் பிடித்தான். "அக்கா, எரிஞ்சாலும் கண்ணை மூடாதீங்க. திறங்க அக்கா. திறந்து வைங்க."

"பீலித் தண்ணி கொண்டாரவா?" என்றாள் ஒருத்தி. லயத்துக்கே தண்ணீர் கொடுக்கிற பீலி அந்த மலைக்கு அடியில்தான் இருந்தது.

"வேணாம்! அதுலயும் மருந்து விழுந்திருக்கும். இன்னைக்கு அந்தத் தண்ணியை யாரும் குடிக்காதீங்க." ஊற்றிக்கொண்டே ரிஸ்கான் மூக்கனைத் திரும்பிப் பார்த்தான். "சொல்லியாச்சுன்னீங்களே அண்ணே!"

நாகலெட்சுமி தடுமாறி முகத்தைத் திருப்பினாள். "யாரு, கங்காணியா நிக்கிறாரு? என்னத்தைச் சொன்னீங்க? யாருகிட்டச் சொன்னீங்க?"

மூக்கன் சிதறிக் கிடந்த கொழுந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தோட்டத்து அம்புலன்ஸ் பழுதாகி மாதக்கணக்கில் கொட்டிலில் கிடந்தது. நின்றது கொழுந்து லொறி மட்டும்தான். "பாதி ஏத்திருக்கு. பெக்டரிக்குப் போய் இறக்கிட்டு வரட்டும்" என்றார் கண்டாக்கு. அவர் சொல்லி முடிப்பதற்குள் ராசம்மா லொறியில் ஏறி, கொழுந்துச் சாக்குகளை ஒவ்வொன்றாக ரோட்டில் தள்ளத் தொடங்கிவிட்டாள். மற்றப் பெண்களும் ஏறினார்கள். கண்டாக்கு கத்தினார். ஒருத்தியும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலியான லொறியில் நாகலெட்சுமியை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வலது கண் தப்பிவிட்டது என்று டொக்டர் சொன்னார். இடது கண்ணைப் பற்றிக் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்.

அன்று பின்னேரம் கண்டாக்கு லயத்து வாசல்வரை வந்தார். அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. "நாளைக்கு நாகலெட்சுமியை ஆஸ்பத்திரியிலருந்து ஆபீசுக்குக் கூட்டிட்டு வருவாங்க. துரை விசாரிக்கிறாரு. நீ ஒண்ணும் பயப்படாத. பெரட்டுல எல்லாருக்கும் சொன்னேன், அவதான் காதுல வாங்கலன்னு சொல்லு. அவ வாயைப் பத்தி துரைக்கே தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்று மூக்கனின் தோளில் தட்டினார். அவள்மேல் பிழை என்றாகிவிட்டால் வைத்தியச் செலவும் கிடையாது, வீட்டில் இருக்கிற நாளுக்குச் சம்பளமும் கிடையாது. தடுத்த மலைக்குள் புகுந்தவள் என்று வேலையிலிருந்தே நிறுத்தினாலும் கேட்க ஆளில்லை.

யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது சரிதான். அவளை வாய்க்காரி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவனே மூக்கன்தானே.

கண்டாக்கு போன பிறகு அவன் லயத்தின் பின்பக்கம் போனான். ராசம்மா வாளித் தண்ணீரில் தன் படங்கைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுமந்து வந்த தண்ணீர். அடித்து அடித்துத் துவைத்தாள். துணியில் படர்ந்திருந்த நீலம் போகவில்லை.

"உன் படங்குல எப்படி?" என்றான்.

"நான் அவளுக்கு ரெண்டு பேர் பின்னால வந்தேன்" என்றாள் அவள், நிமிராமலே. "அவ கத்துனதுனால நாங்க நின்னோம். இல்லாட்டி நானும் நிமிந்துதான் பாத்திருப்பேன்." படங்கைப் பிழிந்தாள். "கண்டாக்கு வந்து என்னா சொன்னாருன்னு நான் கேக்கலைங்க. நீங்க நாளைக்கு என்னா சொல்றீங்கன்னு கேக்கத்தான் இருக்கேன்."

மறுநாள் ஆபீசில் துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கண்டாக்கு அவர் பக்கத்தில் நின்றார். ரிஸ்கான் சுவரோரம். நாகலெட்சுமி ஒரு கண்ணில் கட்டோடு, ராசம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சன்னலுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்றார்கள்.

"சங்கு ஊதினதுதானே? அப்புறம் ஏன் இந்தப் பொம்பளை உள்ளே போனது?" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

"பெரட்டுல சொல்லியும் போயிருக்கா சேர்" என்றார் கண்டாக்கு. "வாய் காட்டுறதுதான் இவ வேலை. சொல்றதைக் காதுல வாங்குறதில்ல. கங்காணியைக் கேளுங்க."

"மூக்கன், நீ சொன்னதா, இல்லையா?"

சொன்னேன் என்ற ஒற்றைச் சொல் போதும். சொல்லிவிட்டு இறங்கிப் போனால் கங்காணியாகவே போகலாம். நாகலெட்சுமி கட்டுப் போடாத கண்ணால் அவனைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை. இவன் என்ன சொல்லப் போகிறான் என்பது தெரிந்ததுபோல ஒரு வெறுப்புத்தான் இருந்தது.

"சொல்லலைங்க" என்றான்.

"மூக்கன்!" என்றார் கண்டாக்கு.

"சொல்லலைங்க தொரை! ஒருத்திகிட்டயும் சொல்லல. சொல்லாதன்னு இவர் சொன்னாரு. முழுப் பேர் கேப்பாங்கன்னு பயம் இவருக்கு. என் வேலை போயிரும்னு பயம் எனக்கு. சங்கு ஊதுனா நம்ம பொம்பளைங்க விலக மாட்டாங்க, தராசு வந்துருச்சுன்னு ஓடித்தான் வருவாங்க. அது இவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுகிட்டே நின்னேன். இந்தத் தம்பி கேட்டப்போ சொல்லியாச்சுன்னு பொய்யும் சொன்னேன். ஆகாயத்துலருந்து விஷத்தைக் கொட்டுறோம், கீழ நிக்கிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்லல. இவ காதுல வாங்கலையாம். எதைங்க வாங்குவா? நாங்க எதைக் குடுத்தோம்?"

"சுத்திப் பாத்துச் சொல்ற ஆளும் என்கூட வரல சேர்" என்றான் ரிஸ்கான். "மூட்டத்துல ஏத்துனது என் பிழை. முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

துரை கண்டாக்கைத் திரும்பிப் பார்த்தார். "மொகத மே?" என்றார் சிங்களத்தில், இது என்ன என்று. கண்டாக்கு தரையைப் பார்த்தார்.

நன்றியை எதிர்பார்த்தோ என்னவோ, மூக்கன் நாகலெட்சுமியின் பக்கம் திரும்பினான்.

"இப்ப வந்து சொல்றீங்க" என்றாள் அவள். "நேத்துக் காலையில பெரட்டுல சொல்லியிருந்தா ஒரு நிமிசம் ஆகியிருக்குமா? இப்பச் சொன்னா என் கண்ணு திரும்ப வந்துருமா கங்காணியாரே?"

வரவில்லை. கட்டுப் பிரித்தபோது இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. இனி அதில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார் டொக்டர். வைத்தியச் செலவைத் தோட்டம் ஏற்றுக்கொண்டது. வீட்டில் இருந்த நாட்களுக்கும் பேர் போட்டார்கள். பெண்கள் கொழுந்து எடுக்காமல் ஆபீசு வாசலில் உட்கார்ந்த பிறகுதான் அதுவும் நடந்தது. கண்டாக்கைக் கொத்மலைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவர் கண்டாக்குதான். மூக்கனுக்குக் கங்காணி வேலை போய்விட்டது. இப்போது மண்வெட்டியோடு மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டுகிறான்.

கொப்புளம் மட்டும் போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் ட்ரோன் வர வேண்டியிருந்தது. அந்த முறை பெண்கள் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார்கள். முந்தின நாள் பெரட்டில் தமிழில் சொல்ல வேண்டும். பீலியை மூடி, குடிக்க வேறு தண்ணீர் தர வேண்டும். மருந்து காயும்வரை வேலை இல்லை, ஆனால் முழுப் பேர். சங்கு ஊதவே கூடாது. ஆள் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். ரிஸ்கானின் கம்பனி இரண்டாவது ஆளையும் அனுப்பியது. மலையின் வழி தெரிந்த ஒருவன் மேட்டின் மேலும் நிற்க வேண்டும் என்று ரிஸ்கான் பிடிவாதமாகக் கேட்டான். அந்த வேலைக்கு மூக்கன் தானாகவே முன்வந்தான்.

அன்று காலையில் மூட்டம் இருந்தது. ரிஸ்கான் ட்ரோனைத் தொடவில்லை. வெயில் வந்து மலை முழுக்கத் தெளிந்த பிறகுதான் கேட்டான்.

"ஆளுங்களுக்குச் சொல்லியாச்சா அண்ணே?"

"நேத்தே சொல்லியாச்சு. ஆனா அது போதாது தம்பி. இரு, நான் போய்ப் பாத்துட்டு வாறேன்."

குறுக்குப் பாதையில் கடைசிவரை ஏறினான். ஒவ்வொரு வளைவிலும் நின்று குரல் கொடுத்தான். உள்ளே யாரும் இல்லை. மேல் ரோட்டில், மலையை விட்டு நன்றாகத் தள்ளி, பெண்கள் தேத்தண்ணிப் போத்தல்களோடு உட்கார்ந்திருந்தார்கள். நாகலெட்சுமி தலையைக் கொஞ்சம் சாய்த்து வலது கண்ணால் அவனைப் பார்த்தாள்.

"எல்லாரும் இருக்கீங்களா புள்ள? ஒருத்தரும் உள்ள இல்லையே?"

"இருக்கோம் கங்காணியாரே."

"நான் இப்பக் கங்காணி இல்லையே."

"தெரியும். அதனாலதான் நீங்க சொல்றதை இப்ப நம்புறோம்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணு சொல்றேன், கீழ போய் அந்தத் தொரைக்கும் கம்பனிக்காரங்களுக்கும் சொல்லுங்க. எந்த மெசினை வேணும்னாலும் பறக்க விடட்டும். நாங்க தடுக்கல. ஆனா விதின்னு ஒண்ணு போட்டா, அடிபடப் போறவளுக்கு அது மொதல்ல தெரியணும். அவளுக்குப் புரியுற பேச்சுல சொல்லணும். அவளையும் கேட்டுத்தான் விதியே போடணும். எங்ககிட்ட மறைச்சு வச்சிருக்க விதி எங்களைக் காக்குற விதி இல்ல. கண்ணு போன பிறகு எங்க தலையிலயே பழியைப் போடுறதுக்கு வச்சிருக்க விதி."

மூக்கன் மேட்டின் நுனிக்கு நடந்து போய், கீழே காத்து நின்ற ரிஸ்கானைப் பார்த்தான். ஒருமுறை திரும்பிக் குறுக்குப் பாதையை இன்னொரு தடவை பார்த்தான். யாரும் இல்லை.

அதன் பிறகுதான் கையை உயர்த்தினான்.